தண்ணி நல்லா இருக்கானு ஒரு உயிரைக் கேட்டா: பயோசென்சர் பத்தி எளிமையா

தண்ணி சுத்தமானு பேச்சு வந்தாலே போதும், யாராவது ஒருத்தர் பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து டம்ளருக்குள்ள விட்டு "பாருங்க 40 தான் காட்டுது, அருமையான தண்ணி"ம்பாங்க. பக்கத்துல இருக்கறவர் "அதெல்லாம் பழசு சார், இப்ப பயோசென்சர் வந்துருச்சு, தண்ணில போட்டா உள்ள என்னென்ன விஷம் இருக்குனு லிஸ்ட்டே போன்ல வந்துரும்"பாரு. ரெண்டு பேர் சொல்றதும் தப்புதான், ஆனா ரெண்டாவது தப்பு கொஞ்சம் சுவாரசியமான தப்பு, அதனாலதான் இதை உக்காந்து எழுதறேன்.

முதல் ஆளோட கணக்கை சீக்கிரம் முடிச்சுருவோம். அந்த பேனா மீட்டர் பேரு டிடிஎஸ் மீட்டர். அது உண்மையில அளக்கறது ஒண்ணே ஒண்ணு, தண்ணி எவ்வளவு கரண்ட் கடத்துதுங்கறது. கரைஞ்ச உப்பு ஜாஸ்தின்னா கரண்ட் ஜாஸ்தி போகும், அதை வெச்சு ஒரு லிட்டர்ல இத்தனை மில்லிகிராம் உப்பு இருக்கும்னு ஒரு குத்துமதிப்பு எண் காட்டுது. இப்ப ஆர்செனிக்ங்கற விஷத்தை எடுத்துக்கோங்க. குடிதண்ணில ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரைக்கும்தான் இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மைக்ரோகிராம்னா மில்லிகிராம்ல ஆயிரத்துல ஒரு பங்கு. டிடிஎஸ் மீட்டரோட திரையில 1 கூடணும்னா 1 மில்லிகிராம் வேணும், அதாவது அனுமதிச்ச அளவைப்போல 100 மடங்கு ஆர்செனிக்! அதுலயும் நிலத்தடி நீர்ல வர்ற ஆர்செனைட்டுங்கற வகை, சாதாரண தண்ணில மின்னூட்டமே இல்லாம கிடக்கும், அதனால 100 மடங்கு இருந்தாக்கூட மீட்டர் அசையாது. பூச்சிமருந்து பெரும்பாலும் அப்படித்தான். பாக்டீரியாவைப் பத்தி கேக்கவே வேண்டாம். ஆக 40ங்கறது பொய் இல்ல, உப்பு கம்மிங்கறது உண்மைதான், அதுக்கு மேல அந்த எண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.

## என்ன இருக்கு, அது என்ன பண்ணும்

தண்ணியப் பத்தி ரெண்டு விதமா கேக்கலாம். உள்ள என்ன இருக்குனு கேக்கறது ஒண்ணு. உள்ள இருக்கறது ஒரு உயிரை என்ன பண்ணும்னு கேக்கறது இன்னொண்ணு. கேக்க ஒரே மாதிரி இருந்தாலும் ரெண்டும் வேற வேற வேலை.

முதல் கேள்விக்கு லேப் பதில் சொல்லும். சாம்பிள் எடுத்துட்டுப் போய், பெரிய மிஷின்ல விட்டு, பொருளைப் பிரிச்சு எடை போட்டு, இது இன்ன பூச்சிமருந்து, இத்தனை மைக்ரோகிராம்னு சொல்லும். ரொம்பத் துல்லியம்தான். ஆனா அதுல ரெண்டு சிக்கல். நேரம் ஆகும், அது ஒண்ணு. இன்னொண்ணு, தேடச் சொன்னதைத்தான் பெரும்பாலும் தேடும். 200 பொருளுக்கு டெஸ்ட் பண்ணச் சொல்லி, வந்தது 201வது பொருளா இருந்தா ரிப்போர்ட் பளிச்சுனு சுத்தமா வரும்.

ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு உயிரோ உயிர்ல இருந்து எடுத்த ஒரு துண்டோ வேணும். நிலக்கரிச் சுரங்கத்துல கேனரிக் குருவியைக் கூண்டோட கொண்டு போன கதை கேள்விப்பட்டிருப்பீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, மனுஷனுக்குத் தெரியறதுக்குள்ள ஆள் விழுந்துருவான். சின்ன உடம்பு, வேகமான மூச்சு இருக்கற குருவி முன்னாடியே தள்ளாடும், உடனே எல்லாரும் மேல ஏறிருவாங்க. ஜான் ஸ்காட் ஹால்டேன்ங்கற விஞ்ஞானி சொன்ன யோசனை இது, பிரிட்டன்ல 1986ல மின்னணு கருவி வந்து குருவிக்கு ரிட்டயர்மென்ட் குடுக்கற வரைக்கும் நடந்துச்சு. குருவிக்கு கார்பன் மோனாக்சைடுன்னா என்னனு தெரியாது, ஏதோ சரியில்லைனு மட்டும் காட்டும். பயோசென்சருக்குப் பின்னாடி இருக்கற யோசனையும் கிட்டத்தட்ட இதுதான், குருவி இருந்த இடத்துல இன்னும் சின்னதா ஒண்ணை வெச்சு, பக்கத்துல நின்னு பாக்கற ஆளுக்குப் பதிலா ஒரு எலக்ட்ரானிக் கண்ணை வெச்சுட்டாங்க.

## உள்ள இருக்கற ரெண்டு பாகம்

பயோசென்சரை நிறையப் பேர் ஏற்கெனவே வீட்லயே பாத்திருப்பாங்க. விரல் நுனியில ஒரு துளி ரத்தம் எடுத்து சுகர் பாக்கற குளுக்கோஸ் மீட்டர் பயோசென்சர்தான், உலகத்துலயே அதிகமா விக்கிற பயோசென்சரும் அதுதான். 1962ல லேலண்ட் கிளார்க்கும் அவரோட வேலை பாத்த லயன்ஸும் சேந்து இதுக்கு அடிப்படையான யோசனையை வெளியிட்டாங்க.

அந்த சுகர் ஸ்ட்ரிப்புல ஒரு என்சைம் தடவி இருக்கும். என்சைம்னா உயிரணுக்குள்ள ஒரு குறிப்பிட்ட ரசாயன வேலையை மட்டும் வேகமா செஞ்சு முடிக்கிற புரதம். இந்த என்சைம் ரத்தத்துல ஆயிரம் பொருள் இருந்தாலும் குளுக்கோஸை மட்டும் பிடிச்சு உடைக்கும், உடைக்கும்போது எலக்ட்ரான் வெளிய வரும், ஸ்ட்ரிப்புக்கு அடியில இருக்கற மெல்லிசான எலக்ட்ரோடு அதை வாங்கிக்கும், அந்தக் கரண்ட்தான் கடைசியில திரையில எண்ணா வருது. அவ்வளவுதான் விஷயம்.

ஆக ரெண்டு பாகம். ஒண்ணு பொருளை அடையாளம் கண்டுபிடிக்கிற உயிர்ப்பொருள், அதை ரிசெப்டர்னு சொல்லுவோம். இன்னொண்ணு அங்க நடந்ததைக் கரண்டாவோ வெளிச்சமாவோ மாத்தி மிஷினுக்குப் புரிய வைக்கிறது, அது டிரான்ஸ்டியூசர். மூக்கு ரிசெப்டர்னா மூக்குல இருந்து மூளைக்குப் போற நரம்பு டிரான்ஸ்டியூசர்னு வெச்சுக்கோங்க, முழுசாப் பொருந்தாது, இருந்தாலும் ஞாபகம் வெச்சுக்க உதவும்.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினா: டிடிஎஸ் மீட்டர் உப்பை அளக்குது, லேப் பேர் சொல்லுது, பயோசென்சர் ஒரு உயிர்ப்பொருளோட நடத்தையை எண்ணா மாத்துது.

## தண்ணில இருக்கற விஷத்தை எப்படிப் பிடிக்குது

சுகர் விஷயத்துல என்சைம் வேலை செஞ்சா கரண்ட் வருது. விஷத்துக்கு அதை அப்படியே தலைகீழாத் திருப்பிப் போடுவாங்க, எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்ச தந்திரம் இதுதான்.

ஆர்கனோபாஸ்பேட்னு ஒரு பூச்சிமருந்துக் குடும்பம் இருக்கு. பூச்சியோட நரம்புல அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்னு ஒரு என்சைம், பேர்தான் நீளம், வேலை சின்னது: ஒரு நரம்புல இருந்து அடுத்ததுக்கு சேதி போனதும் அந்த சேதியைத் துடைச்சு விடறது. மருந்து போய் இந்த என்சைமோட வாயை அடைச்சுரும். சேதி துடைக்கப்படாம ஓடிக்கிட்டே இருக்கும், பூச்சி துடிச்சு சாகும். மனுஷ நரம்புலயும் இதே என்சைம் இருக்கு, அந்த மருந்து நமக்கும் விஷமா இருக்கறது அதனாலதான். சென்சர் பண்றவங்க இந்த என்சைமையே எலக்ட்ரோடு மேல ஒட்டி, அதுக்குத் தேவையான தீனியையும் குடுத்துருவாங்க. அது தின்னுக்கிட்டே இருக்கற வரைக்கும் கரண்ட் ஒரே அளவுல வரும். இப்ப சாம்பிள் தண்ணியை விட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கணும், கரண்ட் குறைஞ்சிருந்தா யாரோ அந்த என்சைமோட வாயை அடைச்சுட்டாங்கன்னு அர்த்தம். பூச்சியைக் கொல்ற அதே வழியிலதான் இங்க மருந்து மாட்டிக்குது.

ஆனா கவனிங்க, வாயை அடைச்சது எந்த மருந்துனு சென்சருக்குத் தெரியாது. இந்தக் குடும்பத்துல யாரா இருந்தாலும் கரண்ட் குறையும், கார்பமேட்னு இன்னொரு குடும்பம் இருக்கு, அதுக்கும் குறையும், சில கன உலோகங்களுக்கும் குறையும். "லிஸ்ட்டே போன்ல வந்துரும்"னு நம்பறவங்க தடுக்கி விழற இடம் இதுதான்.

ஒரு பொருளை மட்டும் குறி வெச்சுப் பிடிக்கணும்னா ஆன்டிபாடி உண்டு. நோய்க்கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கிற புரதம் அது, பூட்டுக்கு சாவி மாதிரி ஒண்ணுக்குத்தான் பொருந்தும். கர்ப்பம் பாக்கற கிட்டுல கோடு விழறது ஆன்டிபாடி பண்ற வேலை. ஏரியில பச்சையா படர்ற நீலப்பச்சைப்பாசி மைக்ரோசிஸ்டின்னு ஈரலைக் கெடுக்கற நஞ்சு விடும், அதைக் கண்டுபிடிக்க இதே மாதிரி ஆன்டிபாடி பட்டை இருக்கு. டிஎன்ஏ துண்டை வெச்சும் பண்றாங்க: டிஎன்ஏவுல தைமின்னு ஒரு எழுத்து, பாதரச அயனி வந்தா ரெண்டு தைமின் சேந்து அதை நடுவுல கவ்விக்கும், இழை மடங்கும், அந்த மடிப்பை வெளிச்சமா மாத்திக்கலாம்.

## ஆர்செனிக்கைக் கண்டா விளக்குப் போடற பாக்டீரியா

என்சைம் மாதிரி ஒரு துண்டு எதுக்கு, முழு உயிரணுவையே வெச்சுக்கலாமேன்னு யோசிச்சவங்களும் உண்டு. ஈ.கோலை மாதிரி பாக்டீரியாக்களுக்கு ஆர்செனிக் புதுசு இல்ல, அதுங்க அதோட கோடிக்கணக்கான வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கு. உள்ள வந்த ஆர்செனிக்கை வெளிய தள்ள ஒரு பம்ப் வெச்சிருக்கும், அந்த பம்பைத் தயாரிக்கிற ஜீன் சும்மா ஓடிட்டு சக்தியை வீணாக்கக் கூடாதுனு வாசல்ல ஒரு காவல்காரப் புரதம் குந்தியிருக்கும். ஆர்செனிக் வந்து அந்தக் காவல்காரன் கையைப் பிடிச்சதும் அவன் டிஎன்ஏவை விட்டுட்டு நகர்ந்துருவான், ஜீன் ஓட ஆரம்பிக்கும், பம்ப் தயாராகும்.

விஞ்ஞானிங்க பண்ணது, அந்த வாசலுக்குப் பின்னாடி வெளிச்சமோ நிறமோ தர்ற ஒரு ஜீனை சேத்து வெச்சது. இப்ப ஆர்செனிக் வந்து வாசல் திறந்தா விளக்கு எரியும். 2006ல எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் ஐஜெம்ங்கற உயிரியல் வடிவமைப்புப் போட்டிக்கு இதே காவல்காரனை வெச்சு, ஆர்செனிக் வந்தா தண்ணியோட அமிலத்தன்மை மாறற மாதிரி ஒரு பாக்டீரியா பண்ணினாங்க. இந்த வகையில இன்னொரு நல்ல விஷயம், உயிரணுவுக்குள்ள நிஜமா போய்ச் சேர்ற ஆர்செனிக்கைத்தான் இது கணக்குல எடுக்கும். மண்துகள்ல கெட்டியா ஒட்டிக்கிட்டு எந்த உயிருக்கும் போகாம கிடக்கறதை எண்ணாது. லேப் மிஷின் சாம்பிளை அமிலத்துல கரைச்சு மொத்தத்தையும் எண்ணிரும். ரெண்டு எண்ணும் ஒத்துப் போகலைன்னா யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, கேட்ட கேள்வியே வேற.

## வெளிச்சம் மங்கினா ஏதோ தப்பு

மேல சொன்னது விஷம் வந்தா எரியற விளக்கு. விஷம் வந்தா அணையற விளக்கும் இருக்கு, தண்ணி நச்சுத்தன்மை பாக்கறதுல ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கறது அதுதான், ஐஎஸ்ஓ 11348னு சர்வதேசத் தரமே அதுக்கு இருக்கு.

கடல்ல அலிவிப்ரியோ ஃபிஷெரின்னு ஒரு பாக்டீரியா, ஹவாய்ப் பக்கம் இருக்கற ஒரு குட்டிக் கணவாய் மீனோட வயித்துப் பக்கம் குடியிருக்கும். நிலா வெளிச்சத்துல கணவாயோட நிழல் கீழ விழுந்து காட்டிக்குடுக்காம இருக்க இது கீழ்ப்பக்கமா நீலப்பச்சையா ஒளிவிடும், பதிலுக்குக் கணவாய் அதுக்கு சோறு போடும். இந்த ஒளி பாக்டீரியாவோட மூச்சோட பின்னிப் பிணைஞ்சது. உடம்புக்குள்ள சக்தி தயாராகற வேலை ஒழுங்கா நடந்தா ஒளி இருக்கும், எங்கயாவது தடங்கல் வந்தா உடனே மங்கும்.

டெஸ்ட் எப்படி நடக்கும்னா, உறையவெச்சு உலர்த்தின பாக்டீரியா தூளாக் குப்பியில வரும். தண்ணி ஊத்தினா எழுந்துக்கும். கடல் உயிரி இல்லையா, அதனால சாம்பிள்ல 2 சதவீதம் உப்பு கலந்து, 15 டிகிரி குளிர்ல வெச்சு, முதல்ல வெளிச்சத்தை அளந்துக்கணும். அப்புறம் சந்தேகத் தண்ணியைக் கலந்து 5 நிமிஷம், 15 நிமிஷம், 30 நிமிஷம்னு திரும்பத் திரும்ப அளக்கணும். பக்கத்துலயே நல்ல தண்ணி கலந்த இன்னொரு குப்பியும் இருக்கும், ஏன்னா பாக்டீரியா சும்மா இருந்தாலே ஒளி மெதுவா மாறும், அதைக் கழிச்சாதான் விஷத்தோட பங்கு தெரியும். எதுக்கு மூணு தடவைன்னா ஃபீனால் மாதிரி பொருள் அஞ்சு நிமிஷத்துலயே அடிச்சுரும், துத்தநாகம் மாதிரி உலோகம் உள்ள போய் வேலை காட்டவே நேரம் எடுத்துக்கும், அஞ்சாவது நிமிஷத்தோட கடையைக் கட்டிட்டா உலோகம் தப்பிச்சுரும்.

சுருக்கமா: ஒரு பொருளைக் குறிவெச்சுப் பிடிக்கிற சென்சர் ஒரு வகை, எதுன்னாலும் சரி உயிருக்கு ஆகாததுன்னா கத்தற சென்சர் இன்னொரு வகை. முதல் வகைக்கு எதைத் தேடறோம்னு தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவதுக்கு அது தேவையில்ல, ஆனா கத்தினதுக்கு அப்புறம் எதுனு கண்டுபிடிக்க லேப் வேணும்.

## ரைன் நதியும் எட்டு மட்டியும்

1986 நவம்பர் 1, சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்துக்குப் பக்கத்துல சாண்டோஸ் கம்பெனியோட ரசாயன குடோன்ல தீப்பிடிச்சுது. தீயணைக்க அடிச்ச தண்ணி பூச்சிமருந்தையும் சாயத்தையும் அள்ளிக்கிட்டு ரைன் நதியில கலந்துருச்சு. நதி சிவப்பா ஓடுச்சு. விலாங்கு மீன் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் செத்ததா கணக்கு. அதே நதிக்கரையில கீழ ஜெர்மனி, நெதர்லாந்துனு பல ஊர் குடிதண்ணி எடுக்குது. அதுக்கப்புறம்தான் ரைன் ஓரம் இருக்கற கண்காணிப்பு நிலையங்கள்ல உயிரை வெச்சுப் பாக்கற முறை வேகம் பிடிச்சுது: நீர்த்தெள்ளுனு சொல்ற டாஃப்னியா எப்படி நீந்துதுனு கேமராவுல பாக்கறது, சிப்பி மாதிரி ரெண்டு ஓடு இருக்கற மட்டி வாயைத் திறந்திருக்கா மூடியிருக்கானு பாக்கறது, இப்படி. சுரங்கத்துல குருவியை அனுப்பிட்டு மிஷினைக் கொண்டுவந்த அதே வருஷம் நதியில மிஷின் பத்தாதுனு உயிரைத் தேடிப் போக வேண்டி வந்ததை நினைச்சா எனக்கு எப்பவும் ஒரு சின்ன சிரிப்பு வரும்.

மட்டி விஷயத்தைக் கிட்டப் போய்ப் பாப்போம். போலந்துல வார்சா நகரத்துக் குடிதண்ணி நிலையத்துல எட்டு நன்னீர் மட்டி டியூட்டில இருக்கு, போஸ்னான் நகரத்துலயும் இதே ஏற்பாடு. மட்டி பொதுவா வாயைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிட்டு தண்ணியை உறிஞ்சி வடிகட்டித் தின்னுட்டே இருக்கும். தண்ணி பிடிக்கலைன்னா டப்புனு மூடிக்கும். மட்டியோட ஓடு ஒண்ணை ஒரு தாங்கில ஒட்டி, மேல்மூடியோட அசைவைச் சென்சர் படிக்கிற மாதிரி வயர் இழுத்துருக்காங்க, எவ்வளவு திறந்திருக்குனு கம்ப்யூட்டருக்கு நொடிக்கு நொடி போயிட்டே இருக்கும். ஒரு மட்டி மூடினா யாரும் பதற மாட்டாங்க, அது தூங்கலாம், சும்மா மூட் சரியில்லாம இருக்கலாம். பல மட்டி ஒரே நேரத்துல மூடினா அது தற்செயல் இல்ல, அலாரம். எட்டு எதுக்குனு கேட்டா அதான் பதில்.

இது கறாரான அர்த்தத்துல பயோசென்சர் இல்ல, பயோமானிட்டர்னு தனிப் பேர் வெச்சிருக்காங்க, முழு விலங்கோட நடத்தையைப் பாக்கறதால. பேர்ல என்ன இருக்கு, ரிசெப்டர் மட்டி, டிரான்ஸ்டியூசர் அந்த சென்சர், கணக்கு ஒண்ணுதான்.

## அஞ்சு நாள் காத்திருக்க முடியுமா

சாக்கடைத் தண்ணி எவ்வளவு அழுக்குனு சொல்ல பிஓடினு ஒரு அளவு. தண்ணில இருக்கற கழிவைத் தின்னு முடிக்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேணுங்கற கணக்கு அது. கழிவு ஜாஸ்தின்னா ஆக்சிஜன் ஜாஸ்தி உறிஞ்சப்படும், மீனுக்கு மிச்சம் இருக்காது. டெஸ்ட்டுக்கு 20 டிகிரில 5 நாள் பாட்டில்ல மூடி வைக்கணும். ரிசல்ட் வரும்போது அந்தத் தண்ணி எங்கயோ போயிருக்கும், சுத்திகரிப்பு நிலையத்துல இருக்கறவருக்கு அந்த எண் போன வாரத்து ஜாதகம் மாதிரி. 1977ல ஜப்பான்ல இசாவோ கரூபேயும் அவரோட குழுவும் ஆக்சிஜன் எலக்ட்ரோடு மேல பாக்டீரியாவை ஒரு படலமா ஒட்டி, அது எவ்வளவு வேகமா மூச்சு வாங்குதுனு நேரடியா அளந்தாங்க. இந்த மாதிரி சென்சர்ல அஞ்சு நாள் வேலை அரை மணி நேரத்துக்குள்ள அடங்கிரும். அஞ்சு நாள் டெஸ்ட்டுக்கு இது அச்சு அசல் மாற்று இல்ல, மெதுவா மட்குற கழிவை இது அவ்வளவாப் பாக்காது, ஆனா கழிவுத் தொட்டிக்குக் காத்தடிக்கற பம்பை ஏத்தவா இறக்கவானு முடிவு பண்ண இது தாராளமாப் போதும்.

## "தானியங்கி"ங்கறதுக்குள்ள என்ன நடக்குது

சென்சர்ங்கறது சின்ன சில்லு. அதைச் சுத்தி இருக்கற ஏற்பாடுதான் பெருசு. பம்ப் நதியில இருந்து தண்ணி இழுக்கும், ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும், ஒரு சின்ன அறைக்குள்ள தண்ணி சென்சர் மேல ஓடும், ரீடிங் எடுக்கும், கழுவும், தெரிஞ்ச தண்ணியை விட்டு தன்னையே சரிபாத்துக்கும், திரும்ப முதல்ல இருந்து. ரீடிங் ஒரு எல்லையைத் தாண்டினா அலாரம் அடிக்கறதோட நிக்காது, அந்த நிமிஷத்துத் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு உள்ளயே இருக்கற ஃப்ரிட்ஜ்ல வெச்சுரும். ஆள் வந்து பாக்கும்போது நதில விஷம் கடந்து போயிருக்கும், பாட்டில்ல மட்டும் சாட்சி இருக்கும். அதை லேபுக்கு அனுப்பினா பேர் தெரியும்.

இது ஏன் முக்கியம்னு ஒரு சின்னக் கணக்கு. யாரோ ராத்திரில கழிவைத் திறந்து விட்டு அது ஒரு இடத்தை 3 மணி நேரத்துல கடந்து போகுதுனு வைங்க. வாரத்துக்கு 168 மணி நேரம். வாரத்துக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்தா அது மாட்டற வாய்ப்பு 2 சதவீதம்கூட இல்ல. அதுலயும் சாம்பிள் எடுக்கறவர் பகல்லதான் வருவாரு, திறந்து விடறவருக்கும் அது தெரியும். 15 நிமிஷத்துக்கு ஒருதடவை பாக்கற சென்சர்னா அதே 3 மணி நேரத்துல 12 தடவை பாத்துரும்.

இதோட மறுபக்கம் யாரும் பேசறதில்ல. 15 நிமிஷத்துக்கு ஒண்ணுனா வருஷத்துக்கு 35,040 ரீடிங். ஆயிரத்துல ஒண்ணு தப்பானாலே வருஷத்துக்கு 35 பொய் அலாரம். பத்தாவது தடவைக்கு மேல அந்த சத்தத்தை யார் எழுந்து பாப்பாங்க? அதனாலதான் அடுத்தடுத்து ரெண்டு ரீடிங் எகிறணும், இல்லைன்னா வேற ரெண்டு சென்சர் ஒத்துப் போகணும்னு விதி வைக்கிறாங்க. நிஜமா நல்ல சிஸ்டத்தையும் மோசமான சிஸ்டத்தையும் பிரிக்கறது சென்சரோட நுணுக்கத்தைவிட இந்த மாதிரி விதிதான்னு நான் நினைக்கறேன்.

## எங்கெல்லாம் சொதப்பும்

உயிர்ப்பொருளுக்கு ஆயுசு கம்மி. என்சைம் நாள்பட நாள்பட வேலைத்திறனை இழக்கும், சூடு ஏறினா இன்னும் சீக்கிரம். கரண்ட் குறைஞ்சதுக்குக் காரணம் விஷமா, என்சைம் கிழண்டு போச்சாங்கறதைப் பிரிக்கத்தான் அடிக்கடி கேலிபிரேஷன் பண்றாங்க, அதாவது தெரிஞ்ச அளவு பொருளை விட்டு எண்ணைச் சரி பாக்கறது. நதித் தண்ணில கொஞ்ச நாள் கிடந்தா சென்சர் மேல வழவழனு பாசி படியும், உள்ள தண்ணியே போகாது, ரீடிங் அழகா நேர்கோடா வரும், பாக்கறவங்க எல்லாம் நல்லபடியா இருக்குனு நினைச்சுப்பாங்க. அந்த மாதிரி ரொம்ப அமைதியான கிராஃப் வந்தாதான் சந்தேகப்படணும்.

குழாய்த் தண்ணில போடற குளோரின் பாக்டீரியாவைக் கொல்றதுக்குன்னே போடறது, அதனால ஒளி பாக்டீரியா டெஸ்ட்டுல அந்தத் தண்ணியை அப்படியே விட்டா பாவம் அது செத்துரும், விளக்கு அணையும், விஷம்னு அலாரம். தயோசல்பேட் போட்டு முதல்ல குளோரினை முறிக்கணும். இதை மறந்துட்டு "குழாய்த் தண்ணில நச்சு கண்டுபிடிப்பு"னு பரபரப்பு கிளப்பறது ரொம்ப சுலபம்.

அதைவிடப் பெரிய தவறான புரிதல்: பயோசென்சர் ஓகே சொல்லிட்டா தண்ணி பாதுகாப்புன்னு எடுத்துக்கறது. மட்டியும் ஒளி பாக்டீரியாவும் திடீர்னு வர்ற பலமான விஷத்துக்குத்தான் துள்ளும். ஒரு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்செனிக் இருக்கற தண்ணில மட்டி நிம்மதியா வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கும், அதே தண்ணியைப் பல வருஷம் குடிக்கிற மனுஷனுக்குத் தோல் பாதிப்பும் புற்றுநோயும் வரலாம். மெதுவாக் கொல்றதுக்கு அதுக்குன்னே குறிவெச்ச சென்சர் வேணும், இல்லைன்னா லேப்.

கிருமிக்கும் இதே கதைதான். மலம் கலந்திருக்கானு பாக்க ஈ.கோலையைத் தேடுவாங்க, 100 மில்லி தண்ணில ஒண்ணுகூட இருக்கக் கூடாதுங்கறது விதி. வளர்த்துப் பாக்கற பழைய முறைக்கு ஒரு நாள் ஆகும். தானியங்கி மிஷின் ஈ.கோலையோட குளுக்குரோனிடேஸ்ங்கற என்சைமைத் தேடும், அந்த என்சைம் உடைச்சா ஒளிர்ற ஒரு பொருளைப் போட்டு வெளிச்சம் வருதானு பாக்கும், ரொம்ப சீக்கிரம் தெரிஞ்சுரும். ஆனா ஈ.கோலையிலயே ரொம்பக் கொடூரமான ஓ157 வகையில இந்த என்சைம் பொதுவா வேலை செய்யாது! அது தனியா வந்தா மிஷின் கண்ணுக்கே தெரியாது. நல்லவேளை மலத்தோட வரும்போது சாதா ஈ.கோலை கூட்டமா கூடவே வரும், அந்தக் கூட்டத்தைப் பாத்து உஷாராகலாம்.

ஓ157னு சொன்னதும் வாக்கர்டன் ஞாபகம் வருது. கனடாவுல ஒரு சின்ன ஊர், 2000 மே மாசம் பெரிய மழை, மாட்டுச் சாணம் ஓ157ஓட ஊர்க் குடிதண்ணிக் கிணத்துல கலந்துருச்சு, 7 பேர் இறந்தாங்க, 2,300 பேருக்கு மேல படுத்துட்டாங்க. விசாரணை நடத்தின நீதிபதி டெனிஸ் ஓ'கானர் சொன்னது, குளோரின் மிச்சத்தையும் கலங்கலையும் விடாம அளக்கற மீட்டர் அந்தக் கிணத்துல இருந்திருந்தா இந்தக் கொள்ளைநோயே வந்திருக்காதுன்னு. ரெண்டுமே சாதாரண மீட்டர், உயிர் கிடையாது, நுணுக்கம் கிடையாது. பயோசென்சர் வாங்கணும்னு யாராவது துடிச்சா முதல்ல குளோரின் மீட்டர் இருக்கா, அது வேலை செய்யுதா, அதை யாராவது பாக்கறாங்களானு கேளுங்க.

## யாராவது "பயோசென்சர் வெச்சிருக்கோம்"னு சொன்னா

நான் கேக்கறது இதுதான். எதைப் பிடிக்கும், ஒரு பொருளையா ஒரு குடும்பத்தையா, இல்ல மொத்த நச்சையா? எவ்வளவு இருந்தா பிடிக்கும், அந்த அளவு குடிதண்ணி எல்லைக்கு மேலயா கீழயா? இது ரொம்ப முக்கியம், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் எல்லையா இருக்கற இடத்துல 100ல இருந்துதான் தெரியும்னா அந்த சென்சர் இருந்தும் இல்லாத மாதிரிதான். என்சைமை எத்தனை நாளைக்கு ஒருதடவை மாத்தறீங்க? அலாரம் அடிச்சா யார் போனுக்குப் போகும், ராத்திரி 2 மணிக்கு வால்வை மூட அவருக்கு அதிகாரம் இருக்கா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் மழுப்பலா வரும்.

வார்சால அந்த மட்டிகளுக்கு சில மாசம்தான் டியூட்டி. அதுக்கு மேல விட்டா அங்க இருக்கற தண்ணிக்குப் பழகிப் போய், சொரணை கம்மியாயிரும். அதனால அதுங்களைக் கழட்டி, பிடிச்சுட்டு வந்த ஏரியிலயே திரும்ப விட்டுட்டு, புதுசா எட்டு பேரைக் கொண்டு வந்து உக்கார வைக்கிறாங்க. விடறதுக்கு முன்னாடி ஓட்டுல ஒரு அடையாளம் போட்டு விடுவாங்களாம், தெரியாம ரெண்டாவது தடவையும் அதையே பிடிச்சுட்டு வந்துரக் கூடாதுனு.